ஒன்பது மாத உழைப்பும் இரண்டு கோல்களும்

பள்ளித் தேர்வில் இரண்டே மதிப்பெண்ணால் முதலிடத்தை இழந்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "இரண்டு மதிப்பெண்தானே, போகட்டும்" என்று நாம் தேற்ற முற்படுவோம். பிள்ளையோ, எந்தக் கேள்வியில், எந்த வரியில் அந்த இரண்டும் கைநழுவின என்று விடைத்தாளை மனத்துக்குள் புரட்டியவண்ணம் இருக்கும். 2014-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் சனிக்கிழமையன்று, ஜெர்மனி நாட்டின் கும்மர்ஸ்பாக் என்னும் ஊரில், நன்கு வளர்ந்த ஆண்மக்களைக் கொண்ட ஓர் அணி முழுவதும் அந்தப் பிள்ளையின் நிலையில் இருந்தது. அன்று அவர்கள் தோற்கவில்லை. நாற்பது கோல் போட்டு வென்றிருந்தார்கள். ஆயினும், ஒன்பது மாதமாக அவர்கள் துரத்திவந்த தேசிய வெற்றியாளர் பட்டம் வேறோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டே இரண்டு கோல்கள்!

அந்த ஆண்டின் கதையைச் சொல்லுமுன் விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். நம் ஊர்களில் கைப்பந்து என்றால் வாலிபாலையே குறிக்கும். எறிபந்து என்றாலோ பெண்கள் பள்ளிகளில் வலைக்கு மேல் எறிந்து ஆடும் ஆட்டம் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வந்தது இவ்விரண்டும் அன்று. எனவே ஹேண்ட்பால் என்றே எழுதுகிறோம். தமிழ்ப் புலவர்கள் பொறுத்தருள்க. கால்பந்தைக் கையால் ஆடினால் எப்படியோ, அப்படி என்று எண்ணிக்கொள்ளலாம். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளம், அரங்கினுள்ளே நடப்பது. ஒரு பக்கத்துக்குக் கோல்காப்பாளர் உட்பட எழுவர். கோல் சட்டத்தின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். அதன் முன்னே ஆறு மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு உண்டு. அதற்கு உட்பட்ட தரை கோல்காப்பாளருக்கு மட்டுமே உரியது. மற்றவர் அக்கோட்டை மிதிக்கலாகாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பிக் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை எறிந்துவிட்டு உள்ளே விழலாம். இந்தப் பாய்ச்சல்தான் ஆட்டத்தின் அழகு. கையில் பந்துடன் மூன்று அடிக்கு மேல் எடுத்துவைக்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. பந்து வழுக்காமலிருக்க விரல்களில் பிசின் தடவிக்கொள்வார்கள். ஆட்டம் முப்பது முப்பது நிமிடமாக இரு பகுதி. கால்பந்தில் ஒரு கோலுக்குத் தொண்ணூறு நிமிடம் தவம் கிடக்கிறோம்; இங்கே ஒரு மணி நேரத்தில் ஓர் அணி முப்பது கோல் போடுவது சாதாரணம். கோல்கள் இத்தனை மலிந்த விளையாட்டில் இரண்டு கோலால் பட்டம் போயிற்று என்பதே இக்கதையின் விசித்திரம்.

ஜெர்மானியருக்கு இது சொந்தப் பிள்ளை போன்ற விளையாட்டு. 1917-இல் பெர்லின் நகரில் மாக்ஸ் ஹைசர் என்பவர் பெண்களுக்கென்று வகுத்த ஆட்டத்தை, 1919-இல் கார்ல் ஷெலன்ஸ் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் ஆண்களும் ஆடத்தக்கதாகத் திருத்தினார். முதலில் அது புல்வெளியில் பதினொருவர் ஆடும் ஆட்டமாயிருந்தது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் அவ்வாறே ஆடப்பட்டது. குளிர்காலம் நீண்ட வடநாடுகளில் அது மெல்ல மெல்லக் கூரைக்குள் குடிபுகுந்தது. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அரங்க ஆட்டமாகத் திரும்பி வந்தது. அந்நாட்டின் உயர்மட்ட லீகான புண்டஸ்லீகா 1966-இல் வடக்கு, தெற்கு என இரு பிரிவாகத் தொடங்கி, 1977-இல் ஒரே பிரிவாக மாறியது.

2013 ஆகஸ்டில் தொடங்கிய பருவத்தில் பதினெட்டு அணிகள் மோதின. ஒவ்வோர் அணியும் மற்றப் பதினேழு அணிகளுடனும் சொந்த ஊரில் ஒரு முறை, எதிரியின் ஊரில் ஒரு முறை ஆட வேண்டும். ஆக 34 ஆட்டங்கள். வென்றால் இரு புள்ளி, சமனானால் ஒன்று. ஜெர்மானியரிடம் ஒரு வழக்கம்: பெற்ற புள்ளியை மட்டுமல்ல, இழந்த புள்ளியையும் பக்கத்திலேயே எழுதிவைப்பார்கள். கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் போல, வெற்றியும் குறையும் எப்போதும் கண்முன் நிற்கும். நமக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த லீகில் கீல் நகரத்து அணி ஒரு பேரரசு போன்றது. பால்டிக் கடற்கரையில் கப்பல் கட்டும் தளங்களும் பாய்மரப் படகுகளும் நிறைந்த துறைமுகம் கீல். 1904-இல் தோன்றிய அவ்வூர் விளையாட்டுக் கழகம் 2013 வரை பதினெட்டு முறை தேசியப் பட்டம் பெற்றிருந்தது. 2011-12 பருவத்தில் 34 ஆட்டங்களில் 34 வெற்றி. 68 புள்ளி வரவு, செலவு பூச்சியம். ஓர் ஆட்டமும் தோற்காதது மட்டுமன்று, ஓர் ஆட்டமும் சமன்கூட ஆகவில்லை. அப்படியொரு பருவம் அதற்கு முன் அந்த லீகில் எந்த அணிக்கும் வாய்த்ததில்லை.

ஆனால் 2013 கோடையில் அந்தப் பேரரசின் தூண்கள் பல ஒரே சமயத்தில் பெயர்ந்தன. உலகின் தலைசிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவராய் எண்ணப்பட்ட பிரெஞ்சுக்காரர் தியெரி ஓமெயர் தாயகம் திரும்பினார். அவர் நாட்டவரான டானியேல் நார்சிஸ் பாரிஸ் அணிக்குப் போனார். செர்பியர் மோமிர் இலிச் ஹங்கேரிக்குச் சென்றார். பல்லாண்டு அணித்தலைவராயிருந்த ஸ்வீடன் வீரர் மார்க்குஸ் ஆம் ஓய்வு பெற்றார். எஞ்சியவர்களையும் புதியவர்களையும் கொண்டு வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டிய பொறுப்பு ஆல்பிரெட் கீஸ்லாசன் என்னும் ஐஸ்லாந்துப் பயிற்சியாளர் தலையில் விழுந்தது. செக் நாட்டு வீரர் பிலிப் யீஹா, ஐஸ்லாந்து இளைஞர் ஆரோன் பால்மார்சன் ஆகியோரே அவருக்குப் பெருந்துணை.

எதிரே நின்றவர்கள் ரைன்-நெக்கார் சிங்கங்கள். ரைன், நெக்கார் என்னும் இரு ஆறுகள் கலக்கும் மான்ஹைம் நகரில் ஆடும் இவர்களுடைய வேர் அந்நகரில் இல்லை. குரோனாவ், ஓஸ்ட்ரிங்கென் என்னும் சிற்றூர்களில் இருக்கிறது. அவ்வூர்க் கழகங்கள் கைகோத்து வளர்ந்து, 2007-இல் இப்புதுப் பெயரைச் சூடிக்கொண்டன. 2013 மே மாதத்தில் ஐரோப்பியச் சம்மேளனக் கோப்பையை வென்றிருந்தார்கள். தேசியப் பட்டமோ ஒரு முறையும் கிட்டியதில்லை. அணித்தலைவர் ஊவே கென்ஸ்ஹைமர் மான்ஹைமிலேயே பிறந்தவர். இடது ஓரத்தில் ஆடுபவர். மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைத் தரையில் திருப்பி, கோல்காப்பாளரின் காலைச் சுற்றி உள்ளே அனுப்பும் வித்தையில் அவருக்கு நிகர் அரிது. ஆட்டத்தின் மூளையாக இயங்கியவர் ஆன்டி ஷ்மிட் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர். 2014 தொடங்கி 2018 வரை, ஐந்து பருவங்கள் தொடர்ந்து, லீகின் தலைசிறந்த ஆட்டக்காரராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். கோல் சட்டத்தின்கீழ் டென்மார்க்கின் நிக்லாஸ் லான்டின்.

இன்னொருவரையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். நார்வே நாட்டவரான பியார்ட்டே மீர்ஹோல் ஆறு மீட்டர்க் கோட்டருகே எதிராளிகளின் நடுவில் முதுகு கொடுத்து நின்று ஆடுபவர். அடியும் இடியும் மிகுந்த இடம் அது. 2011 ஆகஸ்டில் அவருக்கு விதைப்பையில் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சை, பிறகு மருந்துச் சிகிச்சை. முடியெல்லாம் உதிர்ந்த தலையோடு, சில மாதங்களில் மீண்டும் அதே இடத்தில் வந்து நின்றார். 2014-இல் பட்டத்துக்காகப் போராடிய சிங்கங்களுள் அவரும் ஒருவர். பதக்கப் பட்டியலில் இடம்பெறாத வெற்றி அது.

சிங்கங்களின் பயிற்சியாளர் குட்முன்டர் குட்முன்ட்சன், அவரும் ஐஸ்லாந்துக்காரர்தாம்! கீலுக்கு எதிராகக் கடைசி நாளில் ஆடிய பெர்லின் அணியின் பயிற்சியாளர் டாகுர் சிகுர்ட்சனும் ஐஸ்லாந்தே. அந்நாட்டின் மொத்த மக்கள் தொகை அப்போது ஏறத்தாழ மூன்றேகால் இலட்சம். நம் நாட்டில் ஒரு நடுத்தர நகரத்தின் அளவு. நெருப்பு மலையும் பனிமலையும் சூழ்ந்த அச்சிறு தீவின் மக்கள் மூவர் ஜெர்மனியின் பட்டத்தைத் தீர்மானிக்கும் மூன்று இடங்களில் அமர்ந்திருந்தது வியப்பன்றோ! இதே குட்முன்ட்சன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தம் தாய்நாட்டுக்கு வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தவர்; 2016-இல் ரியோவில் டென்மார்க்குக்குத் தங்கமே பெற்றுத் தந்தார்.

ஜெர்மனியின் சொந்த தேசிய அணியோ அந்நாளில் இறங்குமுகத்தில் இருந்தது. 2007-இல் உலகக் கோப்பையை வென்ற நாடு, 2014 ஜனவரியில் டென்மார்க்கில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதிகூடப் பெறவில்லை. லீக் ஆட்டங்களை நிறுத்திவிட்டு, ஐரோப்பா முழுவதும் அங்கே கூடியிருந்தபோது, உலகின் மிகச் சிறந்த லீகை நடத்தும் நாட்டினர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். விருந்து சமைத்தவன் பந்திக்கு வெளியே நின்ற கதைதான். வெளிநாட்டு வீரர்கள் மிகுந்துவிட்டதால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடமில்லாமற் போயிற்று என்று குறைகூறினோர் பலர். அக்குறையில் உண்மை இருந்திருக்கலாம். முழு உண்மை இல்லை. ஏனெனில், அதே லீகில் வளர்ந்த இளைஞர்களைக் கொண்டு மேற்சொன்ன டாகுர் சிகுர்ட்சன் 2016-இல் ஜெர்மனிக்கு ஐரோப்பியப் பட்டம் பெற்றுத் தந்தார். இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 24-17 என வென்றனர்.

நிற்க. வசந்த காலம் வந்தது. கோல் கணக்கு என்னும் தராசு எவ்வளவு கொடியது என்பதைச் சிங்கங்கள் முன்னரே ஒரு முறை உணர்ந்தார்கள். ஐரோப்பிய வெற்றியாளர் கோப்பையின் காலிறுதியில் பார்சலோனா அணியைச் சொந்த மண்ணில் 38-31 என வீழ்த்தினார்கள். ஏழு கோல் வித்தியாசம். அடுத்த வாரம் பார்சலோனாவில் 24-31 எனத் தோற்றார்கள். அங்கும் ஏழு கோல். இரண்டையும் கூட்டினால் 62-62. அப்படிச் சமனானால் எதிரியின் ஊரில் அதிகக் கோல் போட்டவருக்கே வெற்றி என்பது அன்றைய விதி. ஆதலால் சிங்கங்கள் வெளியேறினார்கள். ஆனால் விதியைக் குறைகூற அவர்களால் இயலாது. முந்தைய சுற்றில் போலந்து அணி ஒன்றைத் தாண்டி வந்தது இதே விதியின் தயவால்தான்.

லீகின் கடைசி நாளுக்கு முன் கீலும் சிங்கங்களும் புள்ளியில் ஒன்றாக நின்றார்கள். புள்ளி சமனானால், பருவம் முழுவதும் போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் மிச்சமே பட்டத்தைத் தீர்மானிக்கும். அந்த மிச்சத்தில் சிங்கங்கள் ஏழு கோல் முன்னே. கீல் தன் அரங்கில் பெர்லின் அணியைச் சந்தித்தது. சிங்கங்கள் கும்மர்ஸ்பாக்குக்குச் சென்றார்கள். இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. கீலில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். கும்மர்ஸ்பாக்கின் புதிய அரங்கில் ஏறத்தாழ நாலாயிரம் பேர். அன்று இரண்டு அரங்குகளிலும் மக்களுக்கு இரண்டு ஆட்டங்கள்: ஒன்று கண்முன்னே, மற்றொன்று கைப்பேசியில். பார்வையாளர் ஆட்டத்தைப் பார்ப்பதைவிடக் கழித்தல் கணக்குப் போடுவதிலேயே முனைந்திருந்தார்கள் எனலாம்.

சிங்கங்களுக்கு வெற்றி மட்டும் போதாது. கீல் எவ்வளவு வித்தியாசத்தில் வெல்கிறதோ அதில் ஏழைக் கழித்த அளவாவது வேண்டும். கீலுக்கோ வெற்றி மட்டுமன்று, பெருவெற்றி வேண்டும். அதற்காக அவர்கள் முதல் நிமிடத்திலிருந்தே ஓடினார்கள். முடிவு: கீல் 37, பெர்லின் 23. பதினான்கு கோல் வித்தியாசம். கும்மர்ஸ்பாக்கில் சிங்கங்கள் 40, எதிரணி 35. ஐந்து கோல் வித்தியாசம். பதினான்கில் ஐந்து போனால் ஒன்பது. அதில் பழைய ஏழும் போனால் மிச்சம் இரண்டு. இரு அணிகளும் 59 புள்ளி வரவு, 9 செலவு, பட்டம் கீலுக்கு. அது அவர்களின் பத்தொன்பதாவது பட்டம், தொடர்ந்து மூன்றாவது. ஜெர்மனியின் ஹேண்ட்பால் லீகில் இவ்வளவு மெல்லிய நூலிழையில் பட்டம் தொங்கிய பருவம் வேறொன்றைச் சொல்வது கடினம்.

நாற்பது கோல் போட்ட நாளில் பட்டத்தை இழப்பது எத்தகைய வேதனை! ஆனால் நாம் அந்த ஆட்டத்தின் கணக்கைக் காணும்போது, நாற்பதைவிட முப்பத்தைந்தே நம் கண்ணில் உறுத்துகிறது. தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்காமல், போட வேண்டியதைப் போட்டுவிட்டால் போதும் என்று ஆடினார்களோ? அல்லது கீலிலிருந்து வந்துகொண்டிருந்த செய்தி அவர்கள் கால்களைப் பின்னியதோ? பட்டத்தை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் பின்புறக் கதவைத் திறந்துவைத்துவிட்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. இருப்பினும், முப்பத்துநான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் கோல் போட்ட அணிக்கு, அந்த இரண்டு கோல் கடைசி நாளில்தான் போயின என்று யார் சொல்ல முடியும்? செப்டம்பர் மாதத்தில், வெற்றி உறுதியான ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எவனோ ஒருவன் சோம்பலாய் எறிந்து கம்பத்தில் பட்ட பந்தாகவும் அது இருக்கலாம். அன்று அதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். மே மாதம் அது வட்டியுடன் திரும்பி வந்தது.

இனி, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியே தீர வேண்டிய ஒன்று. முந்தைய மாதமே தேசியக் கோப்பையை வென்றிருந்த பெர்லின் அணி, பதினான்கு கோல் வித்தியாசத்தில் தோற்கலாமா? அவர்கள் மனமாரப் போராடினார்களா? இப்படியொரு கேள்வி எழுவது இயல்பு. பந்தயம் இரண்டு கோலில் முடிந்தால், மூன்றாமவரின் நேர்மை முழுவதும் அந்த இரண்டு கோலின்மேல் ஏற்றப்படுகிறது. நாம் சிந்தித்துப் பார்த்தவரையில், பெர்லின் வீரர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எந்த ஆதாரமும் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்தான் அவர்கள் தங்கள் நகரில் நடந்த ஐரோப்பியச் சம்மேளனக் கோப்பையின் இறுதிக் கட்டத்தில் இரண்டு நாளில் இரண்டு ஆட்டம் ஆடியிருந்தார்கள். அதற்குப் பின் அவர்களுக்குப் பருவத்தில் பெற வேண்டியது ஒன்றுமில்லை. எதிரே பசித்த புலி போன்ற கீல். சுற்றிலும் பத்தாயிரம் தொண்டைகள். களைத்தவன் தோற்பதற்கும் வேண்டுமென்றே தோற்பதற்கும் வேற்றுமை உண்டு. அதை அரங்கின் மேல்தட்டிலிருந்து அளந்துவிடலாம் என்று நினைப்பது தவறு. இழந்தவனின் துயரம் ஒரு குற்றவாளியைத் தேடுவது மனித இயற்கை. கிடைத்தவன் குற்றவாளியாகிவிட மாட்டான்.

விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோல் மிச்சத்தைக் கொண்டு பட்டம் வழங்குவது நியாயமா? பத்துக் கோல் முன்னே இருக்கும்போது பெருந்தன்மையான பயிற்சியாளர் தம் மூத்த வீரர்களை அமரவைத்து, இளைஞர்களுக்கு வாய்ப்பளிப்பார். ஏற்கெனவே வீழ்ந்துவிட்ட எதிரியை மேலும் மிதிக்க மாட்டார். கோல் மிச்ச விதியோ, "இரக்கப்படாதே, இன்னும் போடு" என்று அவர் காதில் ஓதுகிறது. இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களை முதலில் பார்ப்போம் என்னும் விதி ஸ்பெயின் நாட்டுக் கால்பந்தில் உண்டு. நடுநிலையான ஊரில் இன்னுமோர் ஆட்டம் வைக்கலாம் என்பாரும் உளர். நமக்கு இந்தக் கடைசி யோசனையே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எனினும் எட்டே நாளில் ஐரோப்பிய இறுதியாட்டம் காத்திருக்கும் அணிகளை இன்னும் ஓர் ஆட்டத்துக்கு இழுப்பது எளிதா? எவ்வாறாயினும், விதி ஆகஸ்டு மாதத்திலேயே எல்லார்க்கும் தெரிந்ததே. சிங்கங்கள் ஏழு கோல் முன்னே இருந்த காலத்தில் அது யாருக்கும் அநியாயமாகத் தோன்றியிருக்காது.

சிங்கங்கள் பட்டத்தை இழந்த கும்மர்ஸ்பாக்கைப் பற்றிச் சில வரிகள் எழுதாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கொலோன் நகரத்துக்குக் கிழக்கே, குன்றுகளுக்கிடையே ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஒரு காலத்தில் அதுவே ஹேண்ட்பாலின் தலைநகரம். பன்னிரண்டு முறை தேசியப் பட்டம், கடைசியாக 1991-இல். அவ்வூர் அணியில் யோவாக்கிம் டெக்கார்ம் என்றொரு வீரர் இருந்தார். 1978-இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது அவர் இருபத்துநான்கு வயது இளைஞர். அடுத்த ஆண்டு மார்ச் 30-ஆம் நாள், ஹங்கேரியின் டாட்டாபான்யா நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில், ஓடிவந்த எதிராளியுடன் தலையோடு தலை மோதி நினைவிழந்து விழுந்தார். தரையோ சிமென்ட்; மேலே மெல்லிய விரிப்பு. 131 நாள் அவர் கண் விழிக்கவில்லை. விழித்தபின் பேச, உண்ண, நடக்க, எல்லாவற்றையும் குழந்தையைப் போல் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அவருடைய இளமைக்காலப் பயிற்சியாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அருகிருந்து அவருக்கு மீண்டும் கற்பித்தார். உலகக் கோப்பையை உடன் வென்ற தோழர்களும் அவரைக் கைவிடவில்லை. கும்மர்ஸ்பாக்கின் மக்கள் பட்டம் வருவதையும் போவதையும் பார்த்திருக்கிறார்கள். அவற்றைவிடப் பெரிய இழப்பு எதுவென்றும் அவர்கள் அறிவார்கள்.

பட்டியலின் மேல்நுனியில் இரண்டு கோல் என்றால், கீழ்நுனியிலும் கண்ணீர் இருந்தது. மேற்கு ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாந்துப் பகுதியில் சணல் நெசவுக்குப் பெயர்போன எம்ஸ்டெட்டன் என்னும் சிற்றூரின் அணி, அந்தப் பருவத்தில்தான் முதன்முறையாக உயர்மட்டத்தில் கால்வைத்தது. ஒரே ஆண்டில் கீழிறங்கிற்று. ஐசனாக் அணியும் உடன் இறங்கியது. பதினாறாம் இடம் பெற்ற பாலிங்கென் அணியும் இறங்க வேண்டியதே. ஆனால் அங்கே வேறொரு நாடகம் நடந்தது.

2011-இல் தேசியப் பட்டமும், 2013-இல் ஐரோப்பிய வெற்றியாளர் கோப்பையும் வென்ற ஹாம்பர்க் அணி, ஒரு செல்வந்தப் புரவலரின் பணப்பெட்டியை நம்பியே வளர்ந்தது. அவர் 2014 மே மாதத்தில் விலகினார். கணக்கில் துண்டு விழுந்தது. அடுத்த பருவத்துக்கான அனுமதியை லீக் மறுத்தது. அதனால் பாலிங்கெனுக்கு இடம் கிட்டியது. பிறகு நடுவர் மன்றம் ஹாம்பர்க்குக்கும் அனுமதி வழங்கிவிட்டது. இருவரையும் வெளியேற்ற வழியின்றி, 2014-15 பருவம் பத்தொன்பது அணிகளுடன் நடந்தது. பாலிங்கென் 1866 முதல் கடைத் தராசுகள் செய்யும் தொழிற்சாலையால் பெயர்பெற்ற ஊர் என்பது தற்செயலே. ஆயினும் எழுதும்போது புன்னகை வருகிறது. ஹாம்பர்க் தப்பியதும் நெடுநாளைக்கு அன்று. 2016 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே அந்த அணி திவாலாகி லீகிலிருந்து விலகிற்று. ஒருவர் பையை மட்டும் நம்பி எழுப்பிய கட்டடம் எத்தனை உயரமாயினும் அவர் எழுந்து போகும் நாளில் என்னவாகும் என்பதை எமது சங்கங்களின் பொருளாளர்களும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

கீல் அணியின் மகிழ்ச்சியும் எட்டு நாளே நீடித்தது. ஜூன் முதல் நாள் கொலோன் நகரில் ஐரோப்பிய இறுதியாட்டம். எதிரே, அதே லீகில் மூன்றாம் இடம் பெற்ற பிளென்ஸ்புர்க் அணி, டென்மார்க் எல்லையோரத்து அண்டை ஊரார், நெடுநாளைய போட்டியாளர். முதல்நாள் அரையிறுதியில் பார்சலோனாவை ஏழு மீட்டர் எறிதல் வரை இழுத்துச் சென்று 41-39 என வென்று வந்தவர்கள். இறுதியில் அவர்கள் 30, கீல் 28. மறுபடியும் அதே இரண்டு கோல். இம்முறை கீலுக்கு எதிராக!

சிங்கங்கள் அடுத்த பருவத்திலும் இரண்டாமிடமே பெற்றார்கள். கீல் இருபதாவது பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. போதாதென்று, 2015 கோடையில் சிங்கங்களின் கோல்காப்பாளர் லான்டினும் கீலுக்கே போய்விட்டார். இனி இவர்களுக்கு விடிவில்லை என்று பலரும் முடிவுகட்டியிருக்கக்கூடும். 2016 ஜூன் 5-ஆம் நாள், மீண்டும் ஒரு கடைசி நாள், மீண்டும் வெளியூர் ஆட்டம். இம்முறை பின்னால் துரத்தி வந்தது பிளென்ஸ்புர்க். வித்தியாசம் ஒரே புள்ளி. லுப்பெக்கே என்னும் சிற்றூரில் சிங்கங்கள் 35-23 என வென்றார்கள். பன்னிரண்டு கோல் வித்தியாசம். கழித்தல் கணக்குக்கு வேலையே இருக்கவில்லை. மான்ஹைமில் பிறந்த கென்ஸ்ஹைமர், தம் அணியின் முதல் தேசியப் பட்டத்தை அணித்தலைவராகக் கையில் ஏந்தினார். அந்த அணிக்காக அப்போதைக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. பாரிஸ் அணியுடன் முன்னரே ஒப்பந்தம் செய்திருந்தார். 2019-இல்தான் திரும்பி வந்தார்.